கணக்கில் வராத அரை மணி நேரம்

மலேசியாவில் தொழிற்சாலையில் வேலை செய்பவரின் காதுக்குச் சட்டம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 2019 ஜூன் 1ஆம் தேதி நடப்புக்கு வந்த இரைச்சல் விதிமுறைகளின்படி, எட்டு மணி நேர வேலையில் ஒரு காதில் விழும் சராசரி இரைச்சல் 85 டெசிபெலைத் தாண்டக்கூடாது. 82ஐத் தாண்டினாலே நிர்வாகம் விழித்துக்கொண்டு அளவெடுக்க வேண்டும். 85ஐயும் தாண்டினால் காதடைப்பான் கொடுக்க வேண்டும், ஆண்டுதோறும் செவிச் சோதனை நடத்த வேண்டும். எந்த நேரத்திலும் 115ஐத் தாண்டவே கூடாது. இதற்கு முன்னிருந்த 1989ஆம் ஆண்டு விதிமுறைகள் 90 வரை விட்டுவைத்தன. முப்பது ஆண்டுகளில் அந்த ஐந்து டெசிபெலைக் குறைத்தது பெரிய காரியம். ஆனால் இந்தக் கணக்கு ஆலை வாசலோடு நின்றுவிடுகிறது.

மலாக்காவின் செலண்டாரிலிருந்து ஆயர் குரோவுக்கோ பத்து பெரெண்டாமுக்கோ வேலைக்குப் போகிறவரை எடுத்துக்கொள்வோம். ஷிஃப்ட் முடிகிறது. கழுத்தில் கயிற்றோடு தொங்கும் மஞ்சள் நுரை அடைப்பானைப் பிடுங்கி லாக்கரில் போடுகிறார். ஜாக்கெட்டை முன்பின்னாகத் திருப்பி மாட்டிக்கொண்டு, ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்து, கப்சாய் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்புகிறார். அடுத்த அரை மணி நேரம் அவர் காதில் விழப்போகும் இரைச்சல், பெரும்பாலும், இதுவரை அவர் நின்றிருந்த எந்திரத்தின் இரைச்சலைவிட அதிகம். காதைக் காக்கும் பொருளைக் கழற்றி வைப்பதும் அந்த நேரத்தில்தான்.

இந்தக் கட்டுரை அந்த அரை மணி நேரத்தைப் பற்றியது.

மலேசியத் தமிழர்களான நம்மவர்களின் வாழ்க்கையில் இந்தப் பயணம் புதிது. ஜாசின் மாவட்டத்தின் ரப்பர்த் தோட்டங்களில் விடிகாலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு, போனவர்கள் லயத்திலிருந்து நடந்தே போனார்கள். வேலைக்காடு கூப்பிடு தூரத்தில் இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. அதற்கு ஆள் குறைவாகப் போதும். 1970களின் தொடக்கத்தில் பத்து பெரெண்டாமில் சுதந்திர வர்த்தக வட்டாரம் எழுந்தபோது, தோட்டத்துப் பிள்ளைகள், முக்கியமாகப் பெண்பிள்ளைகள், கம்பெனி பஸ் ஏறிப் போனார்கள். பஸ் வராத கம்பத்துக்கும் ஓவர்டைம் முடியும் நேரத்துக்கும் மோட்டார் சைக்கிள்தான் வழி. இன்று நாட்டில் பதிவான வாகனங்களில் ஏறக்குறையப் பாதி மோட்டார் சைக்கிள்கள். சாலையில் இறப்பவர்களில் பத்துக்கு ஆறு பேருக்குமேல் அதில் போனவர்கள் அல்லது பின்னால் அமர்ந்திருந்தவர்கள். அதனால் மோட்டார் சைக்கிள் என்றதும் நமக்கு உயிர்ப் பயம் முன்னால் வந்து நிற்கிறது. அது நியாயம். காது அந்தப் பயத்துக்குப் பின்னால் மறைந்துபோனதும் அதனால்தான்.

மோட்டார் இரைச்சல் என்றால் எல்லாரும் எக்ஸோஸைப் பற்றிப் பேசுவோம். தாமானில் இரவு பதினோரு மணிக்குக் குழாய் மாற்றிய வண்டியை முறுக்கிக்கொண்டு போகும் பையனைத் திட்டுவோம். அவன் அக்கம்பக்கத்தின் தூக்கத்தைக் கெடுக்கிறான், சந்தேகமில்லை. ஓட்டுபவரின் காதைக் கெடுப்பது வேறொன்று: காற்று. ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வேகம் வரைக்கும் எஞ்சின் சத்தம் மேலோங்கி இருக்கும். அதற்கு மேல் போனால், ஹெல்மெட்டைச் சுற்றிக் கிழிபடும் காற்றின் சுழிப்பு எஞ்சினை முழுக்க மூடிவிடுகிறது. எவ்வளவு சத்தமில்லாத வண்டி வாங்கினாலும் இந்தக் காற்று குறையாது.

இதை அளந்தவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் காது மருத்துவர் மெக்கோம்பும் அவருடைய சகாக்களும் 1990களில் ஓட்டுநர்களின் காதருகே நுண்ணிய ஒலிவாங்கிகளைப் பொருத்தி அளந்தார்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் 90 டெசிபெல் வாக்கில் தொடங்கி, 160இல் 110 வரை ஏறியது. சௌத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் ஒலி ஆய்வு நிலையத்தில் லோயர் குழுவினரும் அதே காலத்தில் ஹெல்மெட்டுக்குள் அளவெடுத்தார்கள். காற்றுத் தடுப்புக் கண்ணாடியிலிருந்து கிளம்பும் சுழிப்பு ஹெல்மெட்டில் எங்கே வந்து மோதுகிறதோ, அதைப் பொறுத்து இரைச்சல் வெகுவாக மாறியது. பிறகு பாத் நகரத்தில் கார்லி, கென்னடி, வாக்கர், ஹோல்ட் ஆகியோர் காற்றுச் சுரங்கத்திலும் சாலையிலும் சோதித்து, தாடைப் பகுதிக்குக் கீழே, ஹெல்மெட்டின் அடிவாயில் எழும் இரைச்சல் முக்கியமானது என்று காட்டினார்கள். கழுத்துப் பக்கம் திறந்திருப்பதால் காற்று உள்ளே புகுந்து உறுமுகிறது.

இவை பெரிய வண்டிகளிலும் முழுமுகக் கவசங்களிலும் எடுத்த அளவுகள். நம்மூரில் பெரும்பாலும் தலையில் இருப்பது முகம் திறந்த ஹெல்மெட்டும் முன்னால் ஆடும் ஒரு வைசரும். அதில் நிலைமை மேம்படக் காரணமில்லை, மோசமாகக் காரணம் உண்டு. ஹெல்மெட் காதை மூடுகிறது, ஆகவே சத்தமும் தடுக்கப்படும் என்று நம்புகிறோம். கீச்சிடும் உயர்ந்த ஒலிகளை அது ஓரளவு தடுக்கும். 250 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் வரும் தாழ்ந்த உறுமலை ஏறக்குறைய அப்படியே உள்ளே விட்டுவிடும். காற்று இரைச்சலில் பெரும்பங்கு அந்த உறுமல்தான்.

இப்போது கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இரைச்சல் 3 டெசிபெல் கூடினால், தாங்கத்தக்க நேரம் பாதியாகக் குறையும். 85க்கு எட்டு மணி நேரம், 88க்கு நான்கு, 91க்கு இரண்டு, 94க்கு ஒரு மணி, 100க்குக் கால் மணி. கூட்டரசுச் சாலையில் 80 கிலோமீட்டரில் போகிறவரின் காதில், மேற்சொன்ன அளவுகளை வைத்துப் பார்த்தால், 95 டெசிபெல் வாக்கில் விழுகிறது. அதற்கு ஒரு நாளைக்குரிய பங்கு முக்கால் மணி நேரம். செலண்டாரிலிருந்து போக அரை மணி, வர அரை மணி என்றால், ஆலைக்குள் ஒரு சத்தமும் இல்லை என்று வைத்துக்கொண்டாலும் அன்றைய பங்கு தீர்ந்து மேலே போய்விட்டது. ஆலைக்குள் 84இல் நின்றிருந்தவர், அதாவது சட்டப்படி வரம்புக்குள் இருந்தவர், வீடு சேரும்போது வரம்பை இரண்டு மடங்குக்கும்மேல் மீறியிருக்கிறார். எந்தப் பதிவேட்டிலும் அது ஏறாது.

வார இறுதியில் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்வரும் பிள்ளைகளின் கதை இதைவிடக் கடுமை. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை. அதனால் 100இல் இரண்டரை மணி நேரம் நிறுத்தாமல் முறுக்கிக்கொண்டு போகிறார்கள். 100 டெசிபெல் என்று வைத்தால், ஒரே மூச்சில் பத்து நாளுக்குரிய பங்கைக் காது வாங்கிக்கொள்கிறது. இறங்கியதும் காதுக்குள் ஒரு ‘ங்ங்’. அடுத்தவர் பேசுவது பஞ்சுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும், அதனால் போய்விட்டது என்று நினைப்பார்கள்.

அது அப்படியே போய்விடுவதில்லை. உட்செவியின் நத்தைச் சுருளில் ஒவ்வொரு காதுக்கும் ஏறக்குறைய 15,000 முடியணுக்கள் உள்ளன. ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றுபவை அவைதான். கோழிக்கு இந்த அணுக்கள் செத்தாலும் திரும்ப முளைக்கும் என்று 1980களில் கண்டுபிடித்தார்கள். மனிதருக்கு முளைக்காது. 2009இல் அமெரிக்காவில் குஜாவாவும் லிபர்மனும் எலிகளை வைத்துக் காட்டியது இன்னும் கவலை தருவது. இரைச்சலுக்குப் பிறகு கேட்கும் திறன் பழைய நிலைக்குத் திரும்பி, முடியணுக்களும் பிழைத்துக்கொண்ட காதுகளில்கூட, அவற்றை நரம்போடு இணைக்கும் முடிச்சுகளில் கணிசமான பகுதி நிரந்தரமாக அறுந்திருந்தது. சோதனைத் தாளில் எல்லாம் சரி என்று வரும். கூட்டத்தில் பேச்சைப் பிரித்தெடுக்க முடியாமல் போகும்.

இரைச்சல் முதலில் தின்பது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர்ந்த ஒலிகளை. நம் பேச்சில் உயிரெழுத்துகள் தாழ்ந்த ஒலிகள். அவை கடைசிவரை கேட்கும். வல்லினத்தை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக்காட்டும் சின்னச் சின்ன வெடிப்புகள் உயர்ந்த பக்கத்தில் இருக்கின்றன. ஆகவே, ‘தட்டு’ எடுத்து வா என்றாரா ‘கட்டு’ எடுத்து வா என்றாரா என்பது குழம்பும். சத்தம் கேட்கிறது, சொல் விளங்கவில்லை. ஐம்பது வயதில் ஒருவர் “ஏன் முணுமுணுக்கிற, சத்தமா பேசு” என்று பெண்டாட்டி பிள்ளைகளைக் கடிந்துகொள்கிறார் என்றால், வீட்டில் இருப்பவர்கள் அவர் குணம் மாறிவிட்டதாக எண்ணுகிறார்கள். கோயில் கூட்டத்துக்குப் போவதை நிறுத்திக்கொள்கிறார். தொலைபேசியைப் பேத்தியிடம் கொடுத்துவிடுகிறார். லான்செட் மருத்துவக் குழு 2020இல் நடுவயதின் செவித்திறன் குறைவை, தவிர்க்கக்கூடிய மறதிநோய்க் காரணங்களில் முதலிடத்தில் வைத்தது. காது கேட்காமை காதோடு நிற்பதில்லை என்பதற்கு அதுவே போதும்.

நம் வட்டாரத்தில் இந்தக் காதுக்கு வேறு வேலைகளும் உண்டு. தோட்டத்தில் முதுகில் மாட்டிய புல்வெட்டும் மெஷின் காதுக்கு ஓரடி தூரத்தில் அலறுகிறது. செம்பனை ஆலையில் கொதிகலனும் கொட்டை உடைக்கும் எந்திரமும் 90ஐத் தாராளமாகத் தாண்டும். ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்தில் ஆள் உயர ஸ்பீக்கர். திருவிழாவில் உறுமி மேளக் குழுவை ஒட்டி நடந்தால் இரண்டு மணி நேரம். மேளத்தை நிறுத்தச் சொல்லமாட்டேன். அது நம்முடைய ஓசை, அதற்கு ஒரு நாள் உண்டு. மோட்டார் சைக்கிளின் காற்றோ ஆண்டுக்கு முன்னூறு நாளும் வருகிறது, யாருக்கும் அதனால் ஓர் இன்பமும் இல்லை. அதைக் குறைப்பதில் நாம் இழப்பதற்கு எதுவும் கிடையாது.

குறைப்பது எப்படி? பட்டறையில் இந்தப் பேச்சை எடுத்தால் முதலில் வருவது இந்தக் கேள்வி: “அண்ணே, காதை அடைச்சிக்கிட்டா பின்னால லோரி வர்றது எப்படித் தெரியும்?” கேட்பவர் விவரம் தெரிந்தவர்தான். அவருக்கு நேரான பதில் சொல்ல வேண்டும். அடைப்பான் லோரியின் ஹார்னையும் காற்றையும் சேர்த்தே குறைக்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள விகிதம் அதிகம் மாறுவதில்லை. ஹார்ன் காற்றைவிட எவ்வளவு உயர்ந்து கேட்டதோ ஏறக்குறைய அவ்வளவு உயர்ந்தே கேட்கும். அதற்கு மேலாக, 95, 100 டெசிபெலில் திணறும் காது ஒலிகளைக் கலங்கலாகவே வாங்குகிறது. 80க்கு இறக்கிக் கொடுத்தால் பிரித்தறிவது எளிதாகிறது. நெடுஞ்சாலை வேகத்தில் நுரை அடைப்பானோடு ஓட்டிப் பார்த்தவர்கள் ஹார்னும் எஞ்சினின் தட்டலும் தெளிந்து கேட்பதாகச் சொல்வது இதனால்தான். ஏற்கெனவே செவித்திறன் குறைந்தவருக்கு மட்டும் இது அப்படியே பொருந்தாது. அவர் காது மருத்துவரைக் கேட்ட பிறகே அடைக்க வேண்டும். பட்டணத்துக்குள் 40இல் ஊரும்போது யாருக்கும் அடைப்பான் தேவையில்லை.

பாட்டுக் கேட்கும் இயர்ஃபோன் இந்த வரிசையில் சேராது. காற்றின் சத்தத்தை மீறிப் பாட்டுக் கேட்க வேண்டுமானால் அதைவிட உரக்க வைக்க வேண்டும். 95இன் மேல் 100ஐ ஏற்றுவதற்குப் பெயர் பாதுகாப்பு இல்லை.

நுரை அடைப்பான் ஒரு ஜோடி ஒரு வெள்ளியை ஒட்டிய விலைதான். உறையில் 33 டெசிபெல் குறைக்கும் என்று அச்சிட்டிருப்பார்கள். அது ஆய்வுக்கூடத்தில் நிபுணர் மாட்டிவிட்ட காதுக்கு. சாதாரணமாக மாட்டினால், 33இல் 7ஐக் கழித்து மீதியில் பாதிதான் கிடைக்கும் என்று கொள்வது அமெரிக்கத் தொழில்பாதுகாப்பு நிர்வாகத்தின் வழக்கம். அந்தப் பாதியே போதும்: 95லிருந்து 13ஐக் கழித்தால் 82. ஆனால் அந்தப் பாதியும் சரியாக மாட்டினால்தான். நான் பார்த்த பலர் அதைக் காது வாசலில் செருகி விட்டுவிடுகிறார்கள். முக்கால் பாகம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், ஹெல்மெட் ஏறும்போது இடறி விழும். முறை இதுதான். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, நுரையை விரல்களுக்கிடையில் மடிப்பு விழாமல் ஊதுபத்தி அளவுக்கு மெல்லிசாக உருட்ட வேண்டும். வலது காதுக்கு என்றால் இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னும் இழுக்க வேண்டும். வளைந்திருக்கும் துளை அப்போதுதான் நேராகும். உள்ளே தள்ளி, விரல் நுனியால் அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும், நுரை விரிந்து துளையை நிரப்பும்வரை. தன் குரல் தன் தலைக்குள்ளேயே கனமாக ஒலித்தால் சரியாக மாட்டியிருக்கிறது என்று பொருள். பிறகு ஹெல்மெட்டை இரண்டு பக்கமும் விரித்துப் பிடித்து இறக்க வேண்டும்.

நம் வெக்கையில் வியர்த்த காதுக்குள் அழுக்கு நுரையைத் திணித்தால் பூஞ்சை வரும். கறுத்துப்போனதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். இந்நாட்டு இனங்களில் நீரிழிவு மிகுந்தவர்கள் இந்தியர்களாகிய நாம்தான் என்று தேசியச் சுகாதார ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நீரிழிவுக்காரருக்குக் காதுத்துளையில் வரும் புண் எளிதில் ஆறாது, ஆழமாகவும் இறங்கும். அவர்கள் காதில் வலியோ நீரோ கண்டால் அன்றே கிளினிக்குக்குப் போக வேண்டும். நுரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கழுவித் திரும்ப மாட்டும் சிலிக்கான் அடைப்பான்கள் உண்டு.

ஹெல்மெட்டைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. இங்கே அது 1973 முதல் கட்டாயம். மலேசியத் தர வரிசையில் 1 என்ற எண்ணையே அதற்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். அடி தாங்குமா, வார் பிடிக்குமா என்று அந்தத் தரம் சோதிக்கிறது. காதுக்குள் எத்தனை டெசிபெல் என்பதற்கு அதில் வரம்பு கிடையாது. தலைக்குக் கச்சிதமான முழுமுகக் கவசம், இறுக்கமாக மூடும் வைசர், கழுத்தைச் சுற்றி ஒரு துணி: இவற்றால் அடிவாயில் புகும் காற்று குறையும். தாடை பிழைக்கும் என்பதற்காகவே முழுமுகக் கவசம் வாங்கலாம். காதுக்கு அது மட்டும் போதாது.

வேகத்தைக் குறைப்பது எந்தச் செலவும் இல்லாத வழி. 80லிருந்து 60க்கு இறங்கினால் ஐந்து டெசிபெல் குறைகிறது, காதுக்குரிய நேரம் மூன்று மடங்காகிறது. ஆனால் ஏழு மணி ஷிஃப்டுக்கு முகப்பதிவு வைக்க ஓடுகிறவரிடம் இதை உபதேசமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடைப்பானையே முதலில் கேட்பேன்.

இதில் சட்டத்தின் பக்கம் ஒன்று பேசப்படாமல் கிடக்கிறது. இந்நாட்டில் உறுதிசெய்யப்படும் தொழில்நோய்களில் பெரும்பங்கு இரைச்சலால் வரும் செவிக்கோளாறுகள். ஆலைத் தொழிலாளி அதற்காகச் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் மனுச்செய்ய முடியும். ஆனால் சட்டம் ‘செவித்திறன் பாதிப்பு’ என்று பெயரிடுவது 500, 1,000, 2,000, 3,000 ஹெர்ட்ஸ் அளவுகளின் சராசரியில் கேட்கும் திறன் 25 டெசிபெல் குறைந்த பிறகு. முதலில் அடிவாங்கும் 4,000 அந்தச் சராசரியிலேயே இல்லை. மனுச்செய்யும் கட்டத்தை எட்டியவர் பேச்சைப் பிரித்தறியும் திறனை இழந்து பல காலம் ஆகியிருக்கும். இன்னொரு சிக்கல்: செவிச் சோதனைத் தாளில் விழும் பள்ளம் எந்திரம் போட்டதா, சாலைக் காற்று போட்டதா என்று பிரித்துச் சொல்ல எந்த மருத்துவராலும் ஆகாது. இருபது ஆண்டு மோட்டாரில் வந்துபோனவரிடம், “இது எங்கள் ஆலைச் சத்தத்தால் வந்தது இல்லை” என்று ஒரு நிர்வாகம் சொல்ல நினைத்தால் அதற்கு ஒரு வாதம் கிடைத்துவிடும். சாலையில் காதைக் காத்துக்கொள்வது ஆலைக்குள்ளிருக்கும் உரிமையையும் சேர்த்துக் காக்கிறது. தொழிற்சங்கங்கள் இந்தக் கோணத்திலிருந்து இதைப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

மோட்டார் ஓட்டுவதே வேலையானவர்களின் நிலை வேறு. தபால்காரர், டெஸ்பேட்ச் பையன், சாப்பாடு கொண்டுவரும் இளைஞர் ஆகியோருக்குச் சாலைதான் ஆலை. 2022இல் திருத்தப்பட்டு 2024 ஜூன் 1 முதல் நடக்கும் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டம் நாட்டின் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் விரிந்திருக்கிறது. மாதச் சம்பளத்துக்கு ஓட்டுபவரின் காதை அளக்க வேண்டிய பொறுப்பு முதலாளிக்கு உண்டு என்று வாதாட இப்போது இடமிருக்கிறது. செயலி வழியே ஓட்டும் பிள்ளைக்கு நடைமுறையில் அளப்பதற்கு யாருமில்லை. அவர் தன் காதுக்குத் தானே முதலாளி.

நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதற்குச் சட்டம் மாற வேண்டியதில்லை. ஆலையில் அடைப்பான் இலவசம், பெட்டி பெட்டியாக இருக்கிறது. பாதுகாப்பு அதிகாரியிடம் கேட்டு, மோட்டாரில் வருபவர்களுக்கென்று வாசலில் பஞ்ச் கார்டு எந்திரத்தின் பக்கத்திலேயே ஒரு பெட்டி வைக்கச் சொல்லலாம். மாட்டும் முறையை ஆண்டுப் பயிற்சியிலேயே சொல்லித் தருகிறார்கள், தனிச் செலவு இல்லை. செவிச் சோதனை முடிந்ததும் தாளின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி, அதில் 4,000க்கு நேரே உள்ள எண்ணைப் போன ஆண்டின் எண்ணோடு வைத்துப் பார்க்க வேண்டும். அது 10 கூடியிருந்தால் அடுத்த வாரமே மருத்துவரிடம் நேரம் வாங்கலாம். ஆலையில் வேலை இல்லாதவர்கள், புல்வெட்டுபவர்கள், செயலிக்கு ஓட்டுபவர்கள், அரசு சுகாதாரக் கிளினிக்கில் சொல்லி மலாக்கா மருத்துவமனைக்கு எழுதி வாங்கிக்கொள்ளலாம். காது கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டு போவதற்கு முன்பே, கேட்கும்போதே ஒரு முறை அளந்து வைத்துக்கொண்டால், பின்னாளில் ஒப்பிட ஒரு தாள் கையில் இருக்கும்.